அப்பாவை மூச்சுவிட வைத்தவர்களுக்கு

அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு 18 நாள். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றிதான், ஆனால் உங்களில் பாதிப்பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

முதலில் பார்த்த இடத்தில், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். நீரை எடுப்பதும் அது திரும்பக் கோப்பதுமாகவே மாதங்கள் ஓடின. அப்புறம் வந்த நுரையீரல் டாக்டர் அம்மாதான் சிடி படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டி எங்களுக்குப் புரிய வைத்தார். நுரையீரலைச் சுற்றி இரண்டு அடுக்காக மெல்லிய உறை உண்டு, மூச்சுவிடும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். அப்பாவுக்கு அது இரண்டு பக்கமும் தழும்பேறி இறுகிவிட்டது. "பலூன் நல்ல பலூன்தான், சாக்குப்பைக்குள்ள வெச்சு ஊதுறோம்" என்றார். டிபி கிருமி இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவரும் இல்லை, காரணமே பிடிபடாமல் இப்படி ஆவது மிகமிக அபூர்வமாம். அதற்குள் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, நினைவு தப்பி, வென்டிலேட்டர்.

உறையை உரித்தெடுத்த அறுவை டாக்டருக்கும் மயக்க டாக்டருக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பெரும்பாடு மெஷினிலிருந்து பிரிப்பது. மெஷினே மூச்சுவிட்டால், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் சில நாளிலேயே வலுவிழந்துவிடுகிறது, கழற்றினால் பத்து நிமிடத்தில் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்திருந்ததால் பேச்சும் இல்லை, என் மகனின் சிலேட்டுதான். மெஷினைக் கழற்றி, தானாக மூச்சுவிடப் பழக்க ஆக்ஸிஜன் மட்டும் தரும் டி-பீஸ் குழாயை மாட்டிய நான்காம் நாள் அப்பா அதில் "போதும்" என்று எழுத, பிசியோ தம்பி அதை உள்ளங்கையால் அழித்துவிட்டு "இன்னும் 2 நிமிஷம் ஐயா" என்று எழுதிக் காட்டினார். அப்பா முறைத்தார். ஆனால் மூச்சு விட்டார், இரண்டு நிமிடமும். அப்படித்தான் பத்து இருபதானது, அப்புறம் ஒரு மணி, ஒரு பகல், கடைசியில் ஒரு முழு இரவு.

அந்த இரவு ஸ்டூலைப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த சிஸ்டர், சளி உறிஞ்சும்போதெல்லாம் "இதோ முடிஞ்சிருச்சுப்பா" என்று நெற்றியைத் தடவுவீர்களே, அப்பா இப்போதும் அதைச் சொல்கிறார். காரிடாரில் படுத்த எங்களை விரட்டாத வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி.

பி நெகட்டிவ் ரத்தம் கொடுத்துவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பிய தம்பி, உங்கள் ஹெல்மெட் எங்களிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.