மாத்திரை இளமை தருமா?

ஐயா, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் ரத்தக்குழாய் செல்கள் முதுமையடைவதைத் தள்ளிப்போடலாம் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். குழாயின் உட்சுவர் செல்கள், குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க இம்மருந்து உதவுவது உண்மைதான். ஆனால் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. 1970-களில் ஜப்பானிய உயிர்வேதியியல் அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளில் தொடங்கிய இம்மருந்து வகையின் உறுதியான பயன், கல்லீரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைத்து மாரடைப்பு அபாயத்தைக் குறைப்பதே.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் தறி ஓட்டும் ஒருவர், இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தவர். கொழுப்பின் அளவு இறங்கியதும் ‘சரி, குணமாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். ரத்தத்தில் கொழுப்பு அதிகமில்லாத அவர் மைத்துனரோ, இந்தச் செய்தியைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையைக் கேட்டிருக்கிறார். (சீட்டு இல்லாமலே கிடைத்ததாம்!) இத்தகைய செய்திகளில் ஆய்வு செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள், மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது என்ற வரியையும் சேருங்கள்.

– ஒரு வாசகர், சேலம்