பேய் பின்பாலுக்குப் படம் கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை அடித்து ஆடும் பின்பால் என்றாலே பழைய கிளப்பில் தூசி படிந்த பெட்டி என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பென்டன் என்ற சிற்றூர் நிறுவனமான ஸ்பூக்கி பின்பாலின் ‘அமெரிக்காஸ் மோஸ்ட் ஹாண்டட்’ என்ற பேய் பின்பால் 2014இல் வந்தது. செய்ததே 150 இயந்திரங்கள். சின்னக் கம்பெனிக்கு இந்த எண்ணிக்கையில்தான் தலைவலி. பந்து ஏறும் சரிவுப் பாதையான பிளாஸ்டிக் ராம்ப்பை வார்க்கும் அச்சின் செலவை 150ஆல்தான் வகுக்க முடியும்.

பலகையில் ஓவியம் பிறகு. முதலில் அரை அங்குல ஒட்டுப்பலகையில் படமில்லாத மாதிரி ஒன்று. அதைச் சுமார் ஆறரை டிகிரி சாய்த்து, 27 மி.மீ., 80 கிராம் எஃகுப் பந்தை அடித்து அடித்துப் பார்க்க வேண்டும். நன்றாக அடித்த பந்தும் ராம்ப்பில் பாதி ஏறித் திரும்பினால், தப்பு ராம்ப்பில்தான்.

பேய் பந்தைப் பிடிப்பதுபோலக் காட்டப் பலகைக்கு அடியில் மின்காந்தம். முழு மின்சாரத்தை அதிக நேரம் விட்டால் சுருள் கருகும். நிரலில் நேர வரம்பு கட்டாயம். காந்தத் தண்டின் தலை பலகைக்கு மயிரிழை மேலே நின்றாலும் பந்து தட்டித் துள்ளும். கீழே இறங்கினால் துளையின் விளிம்பு பெயரும். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பான டயோடு சுருளில் இருக்கும்; அதில் கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வரவேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் சுருளை இயக்கும் டிரான்சிஸ்டர் போச்சு.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எல்லா விளக்கையும் அணைப்பவர்கள் உண்டு. பந்து தெரியாவிட்டால் பயம் வராது, எரிச்சல்தான் வரும். பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் பக்கத்து விளக்காவது எரியட்டும்.

இப்படிக்கு,
விளையாட்டு இயந்திரம் பழுது பார்ப்போர், சென்னை