செயலாளர் ஆண்டறிக்கை: நாம் குடியிருக்கும் ஹாலந்து

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், தீபாவளி, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது ஊர் வரலாற்றுக் கூட்டம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து என்ற இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நமக்கு, இதே காரணத்துக்காக முன்பே வந்தவர்களின் கதை தெரியாமல் இருந்தது. அதனால் அறிக்கையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1846-இல் நெதர்லாந்திலிருந்து கப்பலேறிய பாதிரியார் ஆல்பர்ட்டஸ் வான் ரால்ட்டே, அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்களில் ஒருவர். அப்படிப் பிரிந்தவர்களுக்கு அபராதம், சிறை. போதாக்குறைக்கு உருளைக்கிழங்கு நோய் வந்து ஏழைகளின் சாப்பாட்டிலும் கைவைத்தது. அவரும் உடன் வந்தவர்களும் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போகத்தான் நினைத்திருந்தார்கள். குளிர்காலம் வழிமறிக்கவே, 1847 பிப்ரவரியில் பிளாக் ஏரிக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய மக்கடாவா ஏரிதான் அது.

அது ஆளில்லாத காடு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒட்டாவா என்ற பூர்வகுடி மக்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். புதியவர்கள் பெருகப் பெருக, இரண்டே ஆண்டுகளில் ஒட்டாவா மக்கள் வடக்கே லீலனாவ் தீபகற்பத்துக்குப் போய்விட்டார்கள். இதைப் பற்றித் தனிக் கூட்டம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

எனக்குப் பிடித்தது கால்வாயின் கதை. ஏரி பெரியது, ஆனால் மிச்சிகன் பேரேரியைச் சேரும் வாயை மணல் அடைத்திருந்தது. கப்பல் உள்ளே வர முடியாது. சரக்கை வெளியிலேயே இறக்கிச் சிறு படகுகளில் மாற்றி ஏற்ற வேண்டும். அரசிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதும், குடியேறிகளே மண்வெட்டியை எடுத்தார்கள். 1859-இல் நீராவிப் படகு உள்ளே வந்தது. இன்று சிவப்புக் கலங்கரை விளக்கத்தைப் படமெடுக்கப் போகிறோமே, அதன் அடியில் ஓடுவது அந்தக் கால்வாய்தான்.

1867-இல் ஊர் நகரமானது. தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்திய ஐசக் காப்பன் முதல் மேயர். 1871 அக்டோபர் 8-ஆம் தேதி, சிகாகோ எரிந்த அதே இரவில், இங்கும் தீ. கோடை வறட்சி, வெட்டிய மரக்கழிவு, பலத்த காற்று எல்லாம் சேர்ந்துகொண்டதில் நகரின் பெரும்பகுதி சாம்பலானது. 1856-இல் கட்டிய தூண் தேவாலயமும் ஹோப் கல்லூரியும் தப்பின. காப்பனின் தொழிற்சாலையும் போனது. அப்புறம் அவர் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம்.

ட்யூலிப் விழாவைத்தான் எல்லோரும் பழைய மரபு என்கிறார்கள். உண்மையில் அது 1927-இல் லிடா ராஜர்ஸ் என்ற உயிரியல் ஆசிரியை சொன்ன யோசனை. முதல் விழா 1929-இல். டி ஸ்வான் காற்றாலை 1960-களில்தான் நெதர்லாந்திலிருந்து வந்தது. இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிட்டது.

அடுத்த ஆண்டு ஒட்டாவா மக்கள் பற்றிய கூட்டமும், பனி உருகியதும் கால்வாய்க் கரை நடையும் நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. கார் உள்ளவர்கள் இல்லாதவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்