கயிறு பிடிக்க ஒரு கை

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

காற்றில் பறக்கிற பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குகிறாயே, அந்த கைட் சர்ஃபிங்கில் உன் பக்கத்தில் சுறா வந்த வீடியோவைத் தம்பி நேற்று காட்டிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கொடுத்த வாக்கை மூன்று வாரம் காப்பாற்றினான். அதற்குமேல் தனியாகச் சுமக்க அவனால் முடியவில்லை.

நாற்பது வினாடிதான் இருக்கும். உன் தலைக்கவசத்தில் மாட்டிய கேமரா. கைப்பிடி தெரிகிறது, மேலே ஏறிப்போகும் கயிறுகள் தெரிகின்றன, வானத்தில் சிவப்புப் பட்டம் தெரிகிறது. பலகை உன் காலில் இல்லை. குதித்து விழுந்ததில் கழன்று போய்விட்டது போலிருக்கிறது. அதை எடுக்க நீ தண்ணீரில் கிடந்தபடி பட்டத்தின் இழுப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறாய். அப்போது இடது பக்கத்தில் அந்தக் கறுப்பு நிழல்.

முதல் நான்கைந்து முறை அப்பனாகத்தான் பார்த்தேன். எதுவும் பார்க்க முடியவில்லை. உன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. விடிவதற்கு முன் எழுந்து, சங்கு குளித்தவனாக மறுபடி பார்த்தேன். அப்போதுதான் கண் வேலை செய்தது. ஒன்றரை ஆள் நீளம். உன் பின்னால் வந்து, விலகி, அரை வட்டம் போட்டு, மறுபடி ஒருமுறை பக்கத்தில் வருகிறது. முதுகு வளையவில்லை. மார்புத் துடுப்புகள் கீழே இறங்கவில்லை. விறைத்துத் தலையை ஆட்டி ஆட்டி நீந்தவில்லை. நாம் சங்கு குளிக்கிற கடலடித் திட்டுகளான பார்களில் கோபப்பட்ட சுறாவை நான் பார்த்திருக்கிறேன், அது அப்படித்தான் காட்டும். உன் பக்கம் வந்தது நீ என்னவென்று பார்க்க வந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

ஆபத்தில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் கடலில் உள்ள வெள்ளைச் சுறா கோபத்தைக் காட்டிவிட்டுக் கடிக்கிற சாதி இல்லை. கீழே இருட்டிலிருந்து மேலே வரும். அது வரும்போது வீடியோவில் நாற்பது வினாடி கிடைக்காது.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணை அதன்மேலேயே வைத்திருந்தாய். கை காலை உதறவில்லை. பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே நிறுத்தி வைத்தாய், பலகை கைக்கு வந்ததும் காலை நுழைத்தாய், பட்டத்தைச் சரித்தாய், எழுந்து போய்விட்டாய். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையினால்தான். கரையேறியதும் கடல் காவல்துறைக்குத் தகவல் சொல்லி மற்றவர்களையும் வெளியே வரச் செய்தாயாம். ஊருக்கெல்லாம் சொன்னாய். எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

தம்பியை வைத்து அந்த இடத்தைப் பற்றிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் பெர்த் நகருக்குத் தெற்கே உட்மன் பாயிண்ட், காக்பர்ன் சவுண்ட் என்கிற உள்கடலின் வாசல். வசந்த காலத்தில் அந்த உள்கடலுக்குள் ஸ்னாப்பர் மீன் முட்டையிடக் கூட்டமாக வந்து சேர்கிறதாமே. நீ இறங்கியது நவம்பர், அங்கே அது வசந்த காலம். மீன் கூடுகிற இடத்துக்குச் சுறா வரும். இதற்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், உன் தாத்தா உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பார். மாலை வேளை, கூடும் பருவம், பறவைகள் தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. வீடியோவின் தொடக்கத்திலேயே வலது ஓரத்தில் அந்தப் பறவைகள் இருக்கின்றன, இன்னொரு முறை பார். நம் ஆட்கள் அதைப் பார்த்தால் வலையை எடுப்பார்கள். நீ பார்த்தால் அன்றைக்குக் கரையில் இருந்துவிட வேண்டும்.

இன்னொன்று. நெய்மீனுக்கு ஓடுகிற படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவோம் அல்லவா? தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒன்று துடித்துக்கொண்டே ஓடுகிறது, பெரிய மீன் பின்னால் வருகிறது. பலகை இல்லாமல் பட்டத்தின் இழுப்பில் நீ போகிறபோது கடலுக்கு அடியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு நீ அப்படித்தான் தெரிவாய். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பலகையில் நின்று நீ விரைகிறவரை எனக்கு அவ்வளவு பயமில்லை. விழுந்து கிடக்கிற நேரத்துக்குத்தான் பயம். அதனால் உயரக் குதிப்பதைக் கரைக்கு அருகில், ஆட்கள் பார்க்கிற இடத்தில் வைத்துக்கொள்.

சுறாவைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன் என்பதையும் தெரிந்துகொள். 2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும், யாரும் சீண்டாமல் சுறா மனிதரைக் கடித்தது 47 முறைதான். மனிதர்கள் ஓர் ஆண்டில் கொல்லும் சுறாக்கள் சுமார் 10 கோடி என்று 2013இல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. காற்று அப்படியில்லை. உங்கள் ஊரில் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து வரும் காற்றை 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாயே, நிலம் சூடேறியதும் கடலிலிருந்து எழுகிற அதே கடற்காற்றுதான். பாய்மரம் கட்டின காலத்தில் நம் ஆட்கள் விடியற்காலைக் கரைக்காற்றில் போய், மதியக் கடற்காற்றில் திரும்பினார்கள். கடற்காற்று உன்னைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கரைக்காற்று கொண்டுபோய்விடும். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற நாளில் பட்டத்தைப் பையிலிருந்தே எடுக்காதே.

அந்தப் பட்டத்தைப் பற்றி நீ முதன்முதலில் சொன்னது நினைவிருக்கிறது. தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும்புகிற மாதிரி காற்றடைத்த பட்டத்தை 1984இல் பிரெஞ்சுக்கார அண்ணன் தம்பி இருவர் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள் என்றாய். கயிறு 24 மீட்டர் என்றாய். நம் கணக்கில் 13 பாகம். நான் மூச்சைப் பிடித்துப் போன ஆழத்தைவிட அதிகம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். நாங்கள் கீழே போனோம், நீ மேலே கட்டிக்கொண்டு போகிறாய், இரண்டுக்கும் கயிறுதான் உயிர் என்று தோன்றியது.

அந்தக் கயிற்றைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது உன் தாத்தா கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியவர். இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் ஒருவர் கையில் இருக்கும். அந்த ஒருவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. அண்ணன் தம்பிகூடப் பங்குக்காகக் கயிற்றை விடலாம், அக்காள் தாலியை நினைக்கிறவன் விடமாட்டான். தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் என் தாய்மாமன். கரையில் இன்னொருவர் உண்டு, கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுகிறவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் அரசாங்கமே அவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்ததால். பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த நம் ஆட்கள்தான் அவர்கள். மந்திரம் சுறாவின் வாயைக் கட்டியதா என்று கேட்டால், கட்டியிருக்காது. ஆனால் நான் கீழே இருக்கிற நேரம் முழுவதும் ஒரு மனிதன் வேறு வேலை எதுவும் பார்க்காமல் என்னையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு, அந்த ஆழத்தில் எவ்வளவு பெரிய பலம் என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் எனக்கு அது இல்லாமல் போன ஒரு நாள் உண்டு. இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

1979. எனக்கு இருபது வயது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்த மாதம். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் வலைப்பை தொங்க, எட்டுப் பாகத்தில் மணலில் சங்கு போன தடத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன். எங்கள் காலத்தில் கயிறு இல்லை. நாங்களே இறங்கி நாங்களே ஏறுவோம். தலையை நிமிர்த்தினால் எதிரே நிற்கிறது. நிற்கிறது என்றுதான் தோன்றியது, அவ்வளவு மெதுவாக வந்தது. முதுகைக் காட்டாதே என்று பெரியவர்கள் சொன்னது மட்டும் மனதில் இருந்தது. முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டே, சங்குப் பையை மார்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டே மேலே வந்தேன். அது என்னைச் சுற்றிக்கொண்டே கூட வந்தது. நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் படகின் விளிம்பு கைக்குக் கிடைத்தது. படகை நடத்துகிற தண்டல் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார். மறுநாள் எல்லாரும் வேறு பாருக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்தேன். உன் அப்பாயி சோறு போட்டார்கள். என் கை நடுங்கியதில் சோறு தட்டிலேயே விழுந்தது. என்னப்பா என்றார்கள். குளிர் என்றேன். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மறுநாள் விடிகாலை கடற்கரைக்கு வந்து, படகு கண்ணுக்கு மறைகிறவரை நின்றார்கள். அதற்கு முன் ஒருநாளும் வந்தவர்கள் இல்லை. நான் கடலை விட்டுத் துறைமுக வேலைக்குப் போகிறவரை, ஒன்பது ஆண்டுகள், ஒரு நாள் தவறாமல் வந்தார்கள். 2003இல் கண்ணை மூடினார்கள். கடைசிவரை நான் சொல்லவில்லை.

பாதுகாப்பதாக நினைத்துத்தான் மறைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். நேற்றுதான் எனக்கு உறைத்தது. சொல்லியிருந்தால், அந்த ஒரு சுறா, அந்த ஒரு நாள், அவ்வளவோடு அவர்களின் பயம் நின்றிருக்கும். நான் மறைத்ததால் அவர்கள் ஒன்பது வருடம் முழுக் கடலுக்கும் பயந்தார்கள். இந்த மூன்று வாரமாக உன் அம்மாவும் 'பிள்ளை குரல் சரியில்லை' என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் வேலைக் களைப்பு என்று சொல்லிவந்தேன்.

கடலை விடு என்று கேட்கப்போவதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, நீயும் விடமாட்டாய். நான் கேட்பது வேறு.

தனியாக இறங்காதே. கரையில் ஒருவர் உன் பட்டத்தையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். 2010 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில், ஸ்டூவர்ட் கடற்கரைக்கு அப்பால் இதே விளையாட்டில் இருந்த ஒருவரைச் சுறாக்கள் கடித்தன. கரையிலிருந்து கவனித்த உயிர்காப்பாளர்தான் பலகையில் துடுப்புப் போட்டுப் போய் அவரைக் கொண்டுவந்தார். உயிர் தங்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் கடலில் தனியாகச் சாகவில்லை. அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

உடலில் கருவி பொருத்திக் குறியிட்ட சுறா கரைக்கு அருகே வந்தால் உடனே தெரிவிக்கிற உங்கள் அரசின் ஏற்பாட்டை இறங்குவதற்கு முன் பார்த்துவிடு. குறியிடாத சுறாவை அது அறியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். மின்புலத்தால் சுறாவை விலக்குகிற கருவியையும் வாங்கு. ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட சோதனையில், சறுக்குப் பலகையில் பொருத்தும் ஒரு கருவி இருந்தபோது வெள்ளைச் சுறாக்கள் இரையை எடுத்தது 96 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்ததாம். 40 என்பது நிறையத்தான். கடல்கட்டிக்கு இந்தக் கணக்கு கிடைத்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். உன் பலகைக்கு எது பொருந்தும் என்று விசாரித்து வாங்கு. பணம் நான் அனுப்புகிறேன், மறுக்காதே.

கடைசியாக எனக்காக ஒன்று. இறங்குவதற்கு முன் 'இறங்குகிறேன்' என்று ஒரு சொல் அனுப்பு. ஏறியதும் 'ஏறிவிட்டேன்' என்று ஒரு சொல். உனக்கு மாலை 4 மணி என்றால் எனக்கு மதியம் 1:30. சாப்பிட்டுவிட்டு நான் சும்மா இருக்கிற நேரம்தான். கடற்கரையில் படகுகள் ஏற்றி வைத்திருக்கிற இடத்தில் நிழல் இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். இரண்டாவது சொல் வருகிறவரை வேறு வேலை பார்க்கமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. முதலில் கத்துவாள். கத்தி முடித்ததும் அந்தச் சுறா எவ்வளவு நீளம் என்று கேட்பாள், அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான். என் 1979ஆம் ஆண்டுக் கதையை அன்றைக்கே நானும் அவளிடம் சொல்லிவிடுகிறேன். நீ போனை வைத்துவிடாதே, கூடவே இரு.

அன்புடன்,
அப்பா