மவுண்ட் ஹோப்பில் ஒரு சிப்பாய்

கிச்சனர், ஒன்ராறியோ, கனடா
நவம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நீங்கள் எல்லையிலிருந்து போட்ட இன்லண்ட் லெட்டர் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மாதமும் ‘நலம்’ என்றே எழுதினீர்கள். அம்மாவுக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆனது. இன்னும் சொல்லிக்காட்டுகிறார்களா?

போன வாரம் வீடியோவில் என் கோட்டில் குத்தியிருந்த சிவப்புப் பூவைக் கேட்டீர்கள், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அது பாப்பி. நம் கசகசாச் செடிக்குச் சொந்தக்காரப் பூ. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு நின்றதல்லவா? அந்த நாள் நெருங்கினால், போரில் இறந்தவர்கள் நினைவாக, இங்கே பஸ் டிரைவர் முதல் கடைக்காரர் வரை இதைக் குத்திக்கொள்கிறார்கள். எனக்கும் முதலில் அலங்காரமாகத்தான் இருந்தது. இன்று காலை என்னோடு வேலை செய்யும் பஞ்சாபிப் பையன் ஒருவன் கூப்பிட்டதால் மவுண்ட் ஹோப் கல்லறைக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்ப் பெயரைக் கேட்டு அம்மா “சமையற்கட்டா?” என்று சிரித்தார்களே, அது உங்கள் கிச்சனர் பிரபுதான். வெள்ளைக்காரர் காலத்தில் நம் நாட்டுப் படைக்கு ஏழு வருஷம் தலைமைத் தளபதியாக இருந்த அதே ஆள். ஜெர்மன்காரர்கள் நிறையக் குடியேறிய ஊர் என்பதால் 1916 வரை இதற்கு பெர்லின் என்று பெயர். ஜெர்மனியோடு சண்டை நடக்கும்போது அது உறுத்தியிருக்கிறது, மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கல்லறையில் புக்கம் சிங் என்று ஒரு சீக்கியச் சிப்பாய் இருக்கிறார். சாதாரணச் சிப்பாய்தான். ஹோஷியார்பூர் பக்கம் மகில்பூரில் 1893-ல் பிறந்தவர். பத்து வயது ஆகும் முன்பே கல்யாணம், பெண் பெயர் பிரீத்தம் கௌர். 1907-ல், பதினான்கு வயதுகூட நிரம்பாமல், தனியாகக் கப்பலேறி கனடாவின் மேற்குக் கரைக்கு வந்திருக்கிறார். அந்த வயதில் என்னை நீங்கள் காட்பாடி ஸ்டேஷனுக்குத் தனியாக விட்டதில்லை.

அடுத்த வருஷமே இங்கே ஒரு சட்டம். சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். இந்தியாவிலிருந்து அப்படி ஒரு கப்பலே கிடையாது! கையில் 200 டாலரும் காட்ட வேண்டும். ‘இந்தியர் வராதே’ என்று எழுதாமல் எழுதிய சட்டம். அவர் மனைவியை அழைத்துக்கொள்ளும் வழி அதோடு அடைபட்டது. 1914-ல் 376 இந்தியர்களோடு வந்த கோமகாட்டா மாரு கப்பலை வான்கூவரில் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, இருபது சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் போனது ஜூலையில். ஒன்பதே மாதத்தில், 1915 வசந்தத்தில், ஒன்ராறியோவில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதர் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற ஊரில் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்.

ஏன் சேர்ந்தார்? எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் போரில் கனடா சீருடை போட்ட சீக்கியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்களைக் கேட்டால் “சோறு, சம்பளம், மரியாதை, அப்புறம்தான் நாடு” என்பீர்கள். அவருக்கும் அதுவாகவே இருக்கலாம்.

1916-ல் பெல்ஜியம் பக்கம் பிளாண்டர்ஸ் போர்முனையில், கனடாவின் 20-வது பட்டாலியனில், இரண்டு முறை காயம்பட்டிருக்கிறார். ஒரு தடவை சிகிச்சை நடந்த ராணுவ மருத்துவமனையில் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ஜான் மெக்ரே. இந்த பாப்பிப் பூப் பழக்கத்துக்கு வித்திட்ட கவிதையை எழுதியவர் அவர்தான். அவருடைய சொந்த ஊர் குவெல்ஃப், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். கடல் தாண்டிப் போய் இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறார்கள்.

குண்டுக்குத் தப்பியவரை காசநோய் பிடித்தது. திரும்பி வந்து, கிராண்ட் ஆற்றங்கரையில் ஃப்ரீபோர்ட் என்ற சானடோரியத்தில் கிடந்தார். தாம்பரம் சானடோரியம் மாதிரி, காற்றுக்காக ஊருக்கு வெளியே கட்டியது. 1919 ஆகஸ்ட் 27-ல் இறந்தபோது வயது 25. எரிக்க வேண்டிய உடம்பைப் புதைத்திருக்கிறார்கள். கொள்ளி வைக்க யார் இருந்தார்கள்? பிரீத்தம் கௌர் அவரைக் கடைசிவரை திரும்பப் பார்க்கவில்லை.

அப்புறம் ஏறக்குறைய 90 வருஷம் யாரும் தேடவில்லை. அவருடைய போர் மெடல் லண்டனில் ஓர் அடகுக் கடையில் கிடந்திருக்கிறது. சீக்கிய வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒருவர் அதை வாங்கி, ஓரத்தில் வெட்டியிருந்த பெயரை வைத்துத் தேடித் தேடி இந்தக் கல்லறைக்கு வந்து சேர்ந்தார். மெடலுக்கு ஓரத்தில் பெயர் இல்லாமல் போயிருந்தால் அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் கூட்டம் கூடுகிறது. தலைப்பாகையோடு கனடா ராணுவ உடுப்பில் வந்தவர்களைப் பார்த்தேன். பியூகிள் ஊதியதும் நான் என்னை அறியாமல் உங்கள் மாதிரி குதிகாலைச் சேர்த்து நின்றுவிட்டேன். பையன் சிரித்தான். ஒரு சர்தார் தாத்தா பிளாஸ்கிலிருந்து இஞ்சி டீ ஊற்றித் தந்து, எந்த ஊர் என்றார். வேலூர் என்றேன். “அட, மதராஸ் ரெஜிமெண்டா?” என்றார். என் அப்பா என்றேன். அதன்பிறகு இன்னொரு டம்ளர் வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது கிடைக்கவில்லை. நான்கு மாதமாக ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட், பெட்டி தூக்கும் வேலை. மூன்று வாரம் முன்பு வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். இப்போது பரவாயில்லை. அம்மாவிடம் இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டாதீர்கள்.

உங்கள் மெடல்கள் இன்னும் அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியில்தானே இருக்கின்றன? எடுத்து ஓரத்தைப் பாருங்கள். பெயர் வெட்டியிருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தங்கச்சியை.

இப்படிக்கு,
உங்கள் மகன்