மொழிகளின் தரவரிசையோடு, எதை எண்ணினார்கள் என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவுகள் வந்து பொறியியல் கலந்தாய்வு தொடங்கும் வாரங்களில், 'முன்னணியில் இருக்கும் நிரலாக்க மொழிகள்' என்ற பட்டியல் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பல பெற்றோர் கோடிங் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். இந்தப் பட்டியல்கள் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் எண்ணுவது வேறு வேறு. எதை எண்ணினார்கள் என்ற ஒரு வரி மட்டும் அச்சில் விடுபட்டுப்போகிறது. மாணவருக்கு மிகவும் வேண்டியது அந்த வரிதான்.

2025 ஆகஸ்டில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் மாதந்தோறும் நிரல் எழுதிச் சேர்ப்போரின் எண்ணிக்கைப்படி டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழி முதன்முறையாகப் பைத்தானையும் ஜாவாஸ்கிரிப்டையும் முந்தியது. அதே சமயம் நெதர்லாந்தைச் சேர்ந்த டியோபி நிறுவனத்தின் பட்டியலில் அது முதல் 20-இல்கூட இல்லை. விஷுவல் பேசிக்கோ முதல் 10-இல் இருந்தது. அடுத்த மாதம், ஓராண்டுக்கு முன் 27-ஆம் இடத்தில் இருந்த பெர்ல் அங்கே 10-ஆம் இடத்தில் இருந்தது. நிறுவனங்கள் திடீரென்று பெர்லில் புதிய மென்பொருள் எழுதத் தொடங்கிவிட்டன என்று இதற்குப் பொருள் கொண்டால் ஏமாந்துபோவோம்.

டியோபியின் முறை எளியது. மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்ற சொல்லைச் சேர்த்து, கூகுள், பிங், விக்கிபீடியா, அமேசான் போன்ற பல தளங்களில் தேடுகிறார்கள். எத்தனை முடிவுகள் வருகின்றன என்பதை எண்ணி, எல்லா மொழிகளுக்கும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை எனப் பங்கு பிரிக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகப் புத்தகமும் பாடப் பக்கமும் சேர்ந்துகிடக்கும் பழைய மொழிக்கு இதில் இயல்பாகவே அனுகூலம். டைப்ஸ்கிரிப்டில் வேலை செய்பவரோ தான் பயன்படுத்தும் ரியாக்ட், ஆங்குலர் போன்ற கருவிகளின் பெயரை எழுதுவார். 'டைப்ஸ்கிரிப்ட் புரோகிராமிங்' என்று எழுதமாட்டார். தேடுதளம் தன் கணக்கிடும் முறையை மாற்றினாலும் தரவரிசை குலுங்கும். 2004-இல் கூகுள் தன் தேடல் முடிவுகளைச் சுத்தம் செய்தபோது, டியோபி பட்டியலில் ஜாவாவும் சி++-உம் சரிந்தது இப்படித்தான். இன்னொன்றும் உண்டு: மொத்தம் எப்போதும் 100 என்பதால், பைத்தானின் பங்கு கூடினால் மற்றவற்றின் பங்கு குறைந்தே ஆகவேண்டும். 'ஜாவா சரிவு' என்று தலைப்பு வரும் மாதத்தில் ஜாவா எழுதுபவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கவும் கூடும்.

பிஒய்பிஎல் பட்டியல் வேறு வகை. மொழியின் பெயரோடு 'டுடோரியல்' என்ற சொல்லைச் சேர்த்து எத்தனை பேர் கூகுளில் தேடினார்கள் என்பதை அது பார்க்கிறது. இதை வேலை தேடும் மாணவர் நிதானமாக யோசிக்கவேண்டும். டுடோரியல் தேடுபவர் இனிமேல்தான் கற்கப்போகிறவர். அந்த எண் ஏறினால் நாளைக்கு அதே வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் வரிசை நீள்கிறது என்று பொருள். வேலையின் எண்ணிக்கை அதில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வரிசை ஏற்கெனவே நீளம். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 கணினி அறிவியலில் சி++, பிளஸ் 2-இல் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஆம் ஆண்டு பாட ஒழுங்குமுறைகளில் எல்லாப் பொறியியல் மாணவருக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான். இவர்களிடம் போய் 'பைத்தான் முதலிடம், உடனே சேருங்கள்' என்று விளம்பரம் செய்வது, தெரிந்ததையே மறுபடி விற்பது.

'ஆண்டின் சிறந்த மொழி' என்ற பட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்த ஓராண்டில் மிக அதிகமாக ஏறிய மொழிக்கு டியோபி அதைத் தருகிறது. அதிகம் பயன்படும் மொழிக்கு அன்று. 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் அது ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்குப் போனது. ஐபோன் செயலிகள் அதில் எழுதப்பட்டதுதான் காரணம். 2014 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் அதற்கு மாற்றாக ஸ்விஃப்ட் மொழியை அறிவித்தது. 2012-இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர் 2016-இல் வெளியே வந்தபோது, புதிய செயலிகள் ஸ்விஃப்டுக்கு மாறத் தொடங்கியிருந்தன. நான்கு ஆண்டுப் படிப்பை ஓராண்டு ஏற்றத்தை வைத்துத் தீர்மானித்தால் இதுதான் நடக்கும்.

பட்டியலில் கீழே இருப்பதெல்லாம் செத்துப்போனது என்ற எண்ணமும் தவறு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி, அரசின் பழைய கணினி அமைப்புகள் ஓடும், 1959-இல் பிறந்த கோபோல் (COBOL) மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். சர்வர் பக்க மொழி இன்னதென்று கண்டறியப்பட்ட இணையதளங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று இன்றும் பிஎச்பியில்தான் ஓடுகின்றன. அதில் பெரும்பங்கு, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குபவை.

வேலைக்காகவே தனிக் கணக்கு எடுப்பது ஐட்ரிபிள்இ ஸ்பெக்ட்ரம் இதழ். அதன் பொதுப் பட்டியலில் பைத்தான் முதலிடத்தில் இருந்த 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வேலைவாய்ப்புப் பட்டியலில் முதலிடம், தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழிக்குத்தான். ஜாவா கேட்டாலும், சி ஷார்ப் கேட்டாலும், பைத்தான் கேட்டாலும் நிறுவனங்கள் கூடவே எஸ்க்யூஎல்-ஐக் கேட்பதே காரணம். ஆனால் இந்தச் செய்தி தலைப்பில் வந்து பார்ப்பது அரிது.

தங்கள் ஊர் நிலவரத்தை மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாங்களே எடுத்துவிடலாம். ஒரே ஒரு வேலைவாய்ப்புத் தளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஊர் சென்னை அல்லது கோவை, அனுபவம் 0 முதல் 2 ஆண்டு, வெளியான காலம் கடந்த 30 நாள் என்று வடிகட்டி, தளம் காட்டும் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதல் 50 விளம்பரங்களைத் திறந்து படியுங்கள். மொத்த எண்ணிக்கையை நம்பக் கூடாது. ஜாவா என்று தேடினால் ஜாவாஸ்கிரிப்ட் விளம்பரங்களும் கலந்து வரக்கூடும். சி என்றால் சி++, சி ஷார்ப் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆர் மொழியை ஒற்றை எழுத்தாகத் தேடிப் பயனே இல்லை. கோ மொழிக்கு 'கோலாங்' என்று தேடவேண்டும். ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சிகள் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்; வேலை விவரத்தின் வாசகம் அப்படியே ஒத்திருந்தால் ஒன்றாக எண்ணுங்கள்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: 'கட்டாயம்', 'தெரிந்தால் நல்லது'. பல விளம்பரங்களில் பைத்தான் இரண்டாவது பத்தியில்தான் வந்து விழும். கட்டாயம் என்று கேட்பவற்றையும் டெஸ்டிங் ஆட்டோமேஷன், டேட்டா, ஜாங்கோ என்ற பைத்தான் கருவி கொண்டு இணையதளம், மெஷின் லேர்னிங் எனப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் கூடவே கற்கவேண்டியது வேறு. மூன்று மாதம் கழித்து அதே தளத்தில், அதே வடிகட்டலில் மறுபடி எடுங்கள். தளத்தை மாற்றினால் இரண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது.

கிட்ஹப்பைப் பார்த்து மொழிகளை அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு திட்டத்தின் பக்கத்தில் எந்த மொழி எவ்வளவு என்று காட்டும் வண்ணப் பட்டை, கோப்புகளின் பைட் அளவை மட்டுமே கணக்கிடுகிறது. நிரலையும் அதன் விளைவையும் ஒரே கோப்பில் வைக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் 40 வரி பைத்தான் எழுதி இரண்டு வரைபடம் போட்டால், அந்தப் படங்கள் எழுத்துகளாக மாற்றப்பட்டு அதே கோப்பில் சேமிக்கப்படுகின்றன. நிரல் 2 கேபிகூட இராது, படங்கள் அதைப்போல் பல மடங்கு இடம்பிடிக்கும். அதுவும் பைத்தான் என்று காட்டாது, 'ஜூபிட்டர் நோட்புக்' என்றே தனியாகக் காட்டும். உண்மையான உழைப்பு மற்ற பைத்தான் கோப்புகளில் இருந்தாலும் பட்டையில் அது ஒரு கீற்றாகத்தான் தெரியும்.

கேள்வி-பதில் தளங்களை நம்பிய கணக்குகளும் இப்போது தளர்ந்துவிட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிய கேள்விகள் பெருமளவு குறைந்துவிட்டன. அங்கே ஒரு மொழியைப் பற்றிய கேள்வி குறைந்தால், மொழி தேய்கிறதா, கேட்கும் இடம் மாறியதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனவே தங்கள் நாளிதழில் அடுத்த முறை இத்தகைய பட்டியல் வரும்போது, அடியில் மூன்று விவரங்களைச் சேர்க்க வேண்டுகிறேன்: யார் எடுத்தது, எந்த மாதம், எதை எண்ணியது. தேடல் முடிவா, டுடோரியல் தேடலா, கிட்ஹப் பங்களிப்பா, வேலை விளம்பரமா என்று நான்கு சொற்களில் முடிந்துவிடும். பயிற்சி மையம் அனுப்பும் செய்திக்குறிப்பில் இந்த மூன்றும் இல்லையென்றால், கேட்டு வாங்கிய பிறகு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்,
திருச்சி