‘ஒரே ஒரு மனிதரின் படம்’ என்று எப்படி எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற ஞாயிறு இணைப்பில், 1992இல் வெளிவந்த ‘சாப்ளின்’ திரைப்படத்தைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஊமைப்படக் காலத்தின் மாபெரும் நடிகரைப் பற்றிய அந்தப் படத்தை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தமிழ் இதழ் நினைவுகூர்கிறதே என்ற மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் மூன்றாம் பத்தியில், ‘சாப்ளினின் நடையை யாரும் கற்றுத் தராமலே ராபர்ட் டவுனி ஜூனியர் தமக்குள்ளிருந்து கொண்டுவந்தார், இது ஒரே ஒரு மனிதரின் படம்’ என்ற வரியைக் கண்ட பிறகு என்னால் அமைதியாக மேலே படிக்க இயலவில்லை.

கற்றுத் தந்தவர் இருக்கிறார். அவர் பெயர் டேன் காமின். மௌன நடிப்புக் கலைஞரான அவர், சாப்ளினின் உடல் அசைவுகளை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியவர். அந்தப் படத்தில் சாப்ளினாக நடித்த டவுனிக்கு நடையையும் விழுவதையும் எழுந்திருப்பதையும் பயிற்றுவித்தவர் அவர்தான். சாப்ளின் இடக்கையால் வயலின் வாசித்தவர் என்பதால் டவுனியும் அவ்வாறே வாசிக்கப் பழகினார். அந்த நடிகரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. பிரிட்டிஷ் திரைப்பட அகாதமி அவருக்குச் சிறந்த நடிகர் விருது வழங்கியது முற்றிலும் நியாயமே. ஆனால் மாணவரைப் புகழ வேண்டும் என்பதற்காக ஆசிரியரே இல்லை என்று அச்சிடுவது, ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வகுப்பெடுத்தே ஓய்வு பெற்ற எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அந்தப் படம் பெற்ற ஆஸ்கர் பரிந்துரைகள் மூன்று. அவற்றில் ஒன்று மட்டுமே நடிப்புக்கானது; மற்ற இரண்டும் ஜான் பாரியின் இசைக்கும், கலை இயக்குநர் ஸ்டூவர்ட் கிரெய்க், அரங்க அலங்காரம் செய்த கிறிஸ் பட்லர் ஆகியோரின் பணிக்கும் கிடைத்தவை. ஒளிப்பதிவு செய்தவர் ஸ்வென் நிக்விஸ்ட். சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்றவர். படத்தொகுப்பு ஆன் வி. கோட்ஸ், ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வைத் தொகுத்தவர். ஆடைகளை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஜான் மோலோ, ‘காந்தி’ படத்துக்காக நம் பானு அத்தையாவோடு ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர். இந்தியாவின் முதல் ஆஸ்கர் வெற்றியாளர் என்று தங்கள் இதழே பானு அத்தையாவைப் பலமுறை போற்றியிருக்கிறது. அவருடன் பணியாற்றியவர் இந்தப் படத்தின் ஆடைகளைத் தைப்பித்தார் என்ற செய்திக்கு அந்த முழுப்பக்கத்தில் ஒரு வரி கிடைக்கவில்லை. இயக்குநர் ரிச்சர்ட் அட்டன்பரோவின் பெயர்கூட, ‘காந்தியை எடுத்தவர்’ என்று போகிற போக்கில் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது.

நடிகர்களுக்காவது நியாயம் செய்தீர்களா என்றால் அதுவும் இல்லை. சாப்ளினின் தாய் ஹன்னாவாக நடித்தவர் ஜெரால்டின் சாப்ளின், அதாவது சாப்ளினின் சொந்த மகள். தாம் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன பாட்டியை, மனநலம் குன்றி அவர் பட்ட துன்பத்தோடு சேர்த்து, அவர் திரையில் வாழ்ந்து காட்டுகிறார். மகன் தயக்கத்தோடு எதிரில் உட்கார்ந்திருக்க, அந்தத் தாயின் முகத்தில் தெளிவும் கலக்கமும் மாறி மாறி வந்து போவதைப் பார்த்தவர்கள் எவரும் இதை ஒரே ஒரு மனிதரின் படம் என்று சொல்ல மாட்டார்கள். சாப்ளினின் முதற்காதலி ஹெட்டி கெல்லியாகவும் கடைசி மனைவி ஊனாவாகவும் மோய்ரா கெல்லி ஒருவரையே நடிக்க வைத்தது, இழந்த காதலைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடினார் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்திவிட்ட முடிவு. சாப்ளினின் நண்பரான நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸாக வரும் கெவின் கிளைன், தயாரிப்பாளர் மாக் சென்னட்டாக வரும் டேன் அய்க்ராய்ட் பற்றியெல்லாம் எழுதினால் கடிதம் நீண்டுவிடும். இடப்பற்றாக்குறை என்று தாங்கள் சொல்லக்கூடும். டவுனி ‘அயர்ன் மேன்’ கவசத்தில் நிற்கும் நிழற்படத்துக்கு அதே பக்கத்தில் கால்வாசி இடம் கிடைத்திருக்கிறது.

அந்தப் படத்தின் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. முதுமையில் சுவிட்சர்லாந்தில் வாழும் சாப்ளினிடம், அவருடைய தன்வரலாற்றின் கைப்படியோடு ஒரு பதிப்பாசிரியர் வந்து உட்காருகிறார். அந்தோனி ஹாப்கின்ஸ் ஏற்ற அந்தப் பாத்திரம் கற்பனையே. நாடோடி வேடத்துக்கான தொப்பியும் கைத்தடியும் மாயம்போல் தாமே தம்மை அழைத்ததாகச் சாப்ளின் அழகாகச் சொல்லும்போது, அந்த ஆசிரியர் அதை ஏற்க மறுத்து, உண்மையில் நடந்தது என்ன என்று கேட்கிறார். யாரும் கற்றுத் தராமலே வந்த நடை என்ற வரி தங்கள் மேசைக்கு வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு தங்களுக்கு இருந்தது என்று நான் நம்புகிறேன்.

சாப்ளினே எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்தவர். ‘ஒரே ஒரு மனிதர்’ என்ற சொல் உலகில் யாருக்காவது பொருந்துமென்றால் அவருக்குத்தான் பொருந்த வேண்டும். அவருக்கே ரோலி டாதரோ என்ற ஒளிப்பதிவாளர் இருந்தார். 1910களின் நடுப்பகுதியில் சேர்ந்த அவர், 1947இல் வந்த ‘மான்ஸ்யூர் வெர்டூ’ வரை கூடவே நின்றார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடிகை எட்னா பர்வியன்ஸ் இருந்தார். ஒப்பந்தங்களைப் பேசி முடிக்க அண்ணன் சிட்னி இருந்தார். அட்டன்பரோவின் படம் இந்த மூவருக்கும் பாத்திரம் கொடுத்திருக்கிறது. டாதரோவாக டேவிட் டுக்காவ்னி வருகிறார். படம் மறக்காதவர்களைப் படத்தைப் பற்றிய கட்டுரை மறந்திருக்கிறது.

இந்த வருத்தம் சென்ற ஞாயிறு தொடங்கியதன்று. என் தந்தையார் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் அரங்கம் அமைக்கும் தச்சர்களில் ஒருவராக இருந்தவர். தொலைக்காட்சியில் பழைய படம் ஓடும்போது நாங்கள் கதாநாயகனைப் பார்ப்போம். அவர் கதாநாயகன் சாய்ந்து நிற்கும் தூணைப் பார்ப்பார். அதை இழைத்தவர் யார், சாயம் பூசியவர் யார், வெயில் படாத தளத்தில் அது காய எத்தனை நாள் பிடித்தது என்பதையெல்லாம் சொல்வார். அவர் சொன்ன பெயர்களை நான் எந்த இதழிலும் படித்ததில்லை. பள்ளிக்குப் பேருந்தில் மலையேறும் நாள்களிலெல்லாம் ஏற்காடு சாலையில் அந்த நிலையத்தின் நுழைவு வளைவைக் கடந்துதான் போவேன். சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அந்த வளைவின் படத்தைப் போட்டு, சேலத்துச் சினிமாவைப் பற்றிச் சிறப்புப் பக்கம் வெளியிட்டீர்கள். அந்தப் பக்கத்தில் நிலையத்தை நிறுவிய டி. ஆர். சுந்தரம் இருந்தார், அங்கே பணியாற்றிப் பின்னாளில் முதலமைச்சர்களானவர்கள் இருந்தார்கள். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெருமையும் இருந்தது. அந்த வண்ணத்தைப் படம்பிடித்த டபிள்யூ. ஆர். சுப்பாராவ் இல்லை, அதையும் ‘மந்திரி குமாரி’யையும் தொகுத்த எல். பாலு இல்லை. தச்சர்களையும் வண்ணம் பூசியவர்களையும் நான் எதிர்பார்க்கவேயில்லை. அப்போதும் கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, பதிலும் இல்லை.

தங்கள் இதழ் மட்டும் இப்படி என்று சொல்வதும் நியாயமாகாது. தொலைக்காட்சியில் படம் முடிந்ததும் பெயர் வரிசை ஓடத் தொடங்குவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. நண்பர்கள் சிலர் சேர்ந்து நகரில் ஒரு மண்டபத்தில் ‘சாப்ளின்’ படத்தையே திரையிட்டபோது, கடைசிக் காட்சி முடிந்த மறுகணம் மண்டபத்தார் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஜான் பாரியின் இசை பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்க, நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, வெளிறிப்போன திரையில் அந்தப் பெயர்களை நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் நின்று படித்தோம். ‘யாருக்கு சார் இதெல்லாம் வேணும்?’ என்று அங்கிருந்த பணியாளர் கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர்களைப் படிக்கும் வழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியிருக்க வேண்டியவை இதழ்கள்தாம்.

நான் கேட்பது பெரிய உதவியன்று. வரும் ஞாயிறு இணைப்பில், டவுனிக்குப் பயிற்சியளித்தவர் டேன் காமின் என்பதை ஒரு திருத்தமாக வெளியிட வேண்டும். இனித் தங்கள் திரை விமர்சனங்கள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, கலை இயக்கம், ஆடை, ஒப்பனை ஆகியவற்றைச் செய்தவர்களின் பெயர்களைச் சிறிய எழுத்திலாவது தர வேண்டும். நான்கு வரிகளுக்கு மேல் ஆகாது. இடம் போதவில்லையென்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் நீக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்.